குமிழ் நடுவில் இருக்கட்டும்

வீடு,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அங்கே நீ சுகம் என்று நீயே எழுதிவிட்டதால் நான் விசாரிக்கத் தேவையில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஏரிக்காற்று தொண்டைக்கு ஆகுமா? கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறாயா? உனக்கு நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பதிவுக்கூடம் வைத்திருக்கிற அந்த ஏரிக்கரை அம்மா எல்லாருடைய கைபேசியையும் வாங்கி மேசை இழுப்பறையில் பூட்டிவிடுகிறாராமே, பாட்டுப் பதிவு முடியும்வரை கிடையாது என்று? பார்க்காமலே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நமக்கென்ன, கடிதம் புதிதா? உன் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு ஆறு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து காகிதத்தில் சண்டை போட்டவர்கள் நாம். டீயில் சர்க்கரை இல்லை என்று நீ எழுதி நீட்டுவாய். கை இருக்கிறதல்லவா, போட்டுக்கொள் என்று நான் எழுதித் திருப்புவேன். எனக்குப் பேசத் தடை எதுவும் இல்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் இருவருக்கும் உறைத்தது.

நீ எழுதியிருந்த ஏரியை மூன்று நாளாக மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். விடிந்து நெடுநேரமாகியும் கரை தெரியாது, படகு மட்டும் எதிலும் ஒட்டாமல் நிற்கும், ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் மைக் வரைக்கும் வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் மூட்டம்தான். பேருந்துகள் சத்தமாக வந்து சத்தமாகவே போய்விடுகின்றன. கடைக்கு நடக்கும்போது எதிரில் வருகிறவரின் காலடி முதலில் வருகிறது, ஆள் பிறகு வருகிறார். இரண்டு ஊரும் ஒரே மூட்டத்துக்குள் இருப்பதுபோலவும், கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டால் நீ ஏரிக்கரையில் திரும்பிப் பார்ப்பாய் என்றும் தோன்றுகிறது. உன் அத்தானிடம் சொன்னேன். கம்பத்தில் இடித்துக்கொள்ளாமல் நடந்து போ என்றார்.

அவருக்கு வேலை அதிகம். ஈரத்தில் லிஃப்டுகள் எல்லாம் மக்கர் செய்கின்றன. ஊரெல்லாம் லிஃப்டை ஏற்றி இறக்குகிற மனுஷன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத வீட்டின் உச்சியில் என்று பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கும் சிரிக்கிறாள். நாற்பத்திரண்டு படி. என் முழங்கால் இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது.

பதினொரு பாட்டு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்பது வருடம் சலவைக் கடை வேனை ஓட்டிக்கொண்டு டெலிவரி சீட்டுகளின் பின்பக்கத்தில் நீ கிறுக்கியவை. ஒரு வீட்டில் துணியோடு பாட்டு எழுதிய சீட்டையும் கொடுத்துவிட்டு வந்தாயே, அது உன் ஆயுளிலேயே நீ செய்த நல்ல தப்பு. ஆறு சட்டை, இரண்டு போர்வை, பின்னால் ஒரு பாட்டு. மறுநாள் அந்த வீட்டு அம்மா, இப்போது உன்னைப் பாட வைக்கிற இதே ஏரிக்கரை அம்மாதான், சலவைக் கடைக்குப் போன் செய்து, சட்டை ஒன்று குறைகிறது என்று சொல்லாமல், இரண்டாவது சரணம் குறைகிறது என்று சொன்னாராம். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இடி அங்கே ஒழுங்காக இருக்கிறானா? டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு அந்தப் பெயர் வைத்தது நான்தான் என்று இன்னும் எல்லாரிடமும் புகார் சொல்கிறானா? அவனுடைய டிரைவிங் ஸ்கூலை அவன் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அவன் இல்லாததால் மாணவர்கள் பயமில்லாமல் பிரேக் பிடிக்கிறார்கள் என்று சொல்லச் சொன்னாள்.

இன்னொன்று. ரெக்கார்டை வெளியிடுகிற கம்பெனி, உன் பழைய 'மாடிப்படி' பாட்டையும் புதிதாகப் பாடிச் சேர்த்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தாய். எழுதியவள் நான் என்பதற்காக அதை இழுத்துப் பிடிக்க வேண்டாம். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடு. பதினொரு பாட்டு போதாதா அவர்களுக்கு?

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போடு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அக்கா

*

வீடு,
புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

எட்டு நாள் கழித்து உன் பதில் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம். உன் எழுத்து சாய ஆரம்பித்தால் மனம் சரியில்லை என்று எனக்குத் தெரியும். இதில் எல்லா எழுத்தும் காற்றடித்த பக்கம் சாய்ந்து கிடந்தது.

'மாடிப்படி'யை மூன்று நாள் பாடிப் பார்த்ததாகவும், ஒவ்வொரு தடவையும் உச்சியில் குரல் கிழிந்ததாகவும் எழுதியிருந்தாய். அந்த அம்மா, சுதியை ஏற்றுவதற்காகக் கிடாரின் கழுத்தில் மாட்டியிருக்கும் கிளிப்பைக் கழற்றிவிட்டுக் கீழே இறக்கிப் பாடச் சொன்னாராம். மாட்டேன் என்றாயாம். இருபத்திரண்டு வயதில் பாடிய உயரத்துக்கு ஏற முடியாதவன் பாதிப் படியில் உட்கார்ந்து பாடினால் அது தோற்றவன் பாட்டு, கேட்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றாயாம். அதோடு விட்டாயா? புதுப் பாட்டுகள் பதினொன்றையும்கூட நீ தாழ்த்தி எழுதியது போன குரலை மறைக்கிற தந்திரம்தான், அதுவும் ஏமாற்றுதான், மாதக் கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வேனுக்கே திரும்பி வருகிறேன் என்று முடித்திருக்கிறாய்.

அவசரப்படாதே. வெந்நீர் குடி. காலையில் ஆவி பிடி. தேன் சேர்த்துக்கொள். இரண்டு நாள் பேசாமல் இரு, இடியையும் பேசாமல் இருக்கச் சொல். மூட்டம் விலகினால் தொண்டையும் இளகிக் கொடுக்கும். டாக்டர் கொடுத்த பயிற்சியை, அந்த உதட்டை அதிரவிடும் பயிற்சியை, மறக்காமல் செய்.

எல்லாம் சரியாகிவிடும்.

அன்புடன்,
அக்கா

*

வீடு,
வியாழக்கிழமை மதியம்

தம்பி,

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடு. வெந்நீரும் தேனும் கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் முழுக்க நான் ஒரு விஷயத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். நேற்று தபால்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே எனக்கு என்மேல் எரிச்சலாக வந்தது.

இன்று காலை நான் வேலை பார்க்கிற கடையில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், காது கேட்கும் கருவி மாட்டிக்கொள்ள வந்தார். போன வாரம் அவர் காதுக்குள் நூல் கட்டிய பஞ்சை வைத்து, மேலே பிசினை நிரப்பி, நான்தான் அச்செடுத்தேன். இன்றைக்குக் கருவி வந்துவிட்டது. மாட்டி, திறந்துவிட்டு, பேசுங்கள் ஐயா என்றேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரும்மா பேசுறது?" என்றார்.

நீங்கள்தான் என்றேன். அவர் நம்பவில்லை. என் குரல் இப்படி இருக்காது, நான் இளைஞனாக இருந்தபோது கணீரென்று இருக்கும் என்றார். அப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும் ஐயா, கேட்டு வெகுநாள் ஆனதால் அடையாளம் தெரியவில்லை என்றேன். தினமும் யாரிடமாவது சொல்கிற சமாதானம்தான். இன்றைக்குச் சொல்லி முடித்ததும் கருவிப் பெட்டியை மூடினேன். முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஸ்டூலைப் போட்டுப் பரணில் இருந்து பிஸ்கட் டின்னை இறக்கினேன். அது இப்போது இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, எங்காவது உட்கார்.

டயர்க் கடைக்கு மேல் நாம் எடுத்திருந்த அறை நினைவிருக்கிறதா? கீழே கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பதிவு. ஜன்னலில் போர்வை, டிரம்ஸுக்குள் என் குளிர்கோட்டு, எங்கும் ரப்பர் வாடை. வயல்காட்டுப் பெண்கள் பாடுகிற மெட்டை எலெக்ட்ரிக் கிடாரில் வைத்து நீங்கள் ஆடிய ஆட்டம். உங்கள் எல்லார் கையிலும் வாத்தியம் இருந்ததால் அந்த நாலு டிராக் பதிவு மெஷினை நான் பார்த்துக்கொண்டேன். ஐந்து ஞாயிறு. ஒரு கேசட், ஒரு பக்கம், முப்பது நிமிடம், அதற்கு மேல் கேட்க மாட்டோம், திங்கள் மாலைக்குள் வந்து சேர வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

எல்லாப் பாட்டையும் கூட்டிப் பார்த்தால் முப்பத்து மூன்று நிமிடத்துக்கு மேல் வந்தது. நீ கிடாரைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே, 'மாடிப்படி'தான் நீளம், அதை விட்டுவிடலாம் அக்கா, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றாய். சரிடா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் முகத்தை நீ பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

அம்மா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிச் சலவையில் நாள் முழுக்க நின்றுவிட்டு அவள் இந்த நாற்பத்திரண்டு படியும் ஏறி வருவாள். நாம் இரண்டு பேரும் கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்போம். இருபத்தோராவது படியில், திருப்பத்தில், பையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். எத்தனை மூச்சு என்று எண்ணினாலே அன்றைக்கு அவளுக்கு எப்படிப்பட்ட நாள் என்று நமக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் எழுதியிருந்தேன்.

நாற்பத்திரண்டு படி ஏறி வருகிறாள்,
ஒவ்வொரு படியிலும் ஒரு நாளை வைத்துவிட்டு.

அந்தப் பாட்டு இல்லாமல் கேசட் போனால் அவள் கீழேயே நின்றுவிடுவாள் என்று எனக்குப் பட்டது. பைத்தியக்கார எண்ணம்தான். அன்றைக்கு அது பைத்தியமாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். அறையில் நான் மட்டும். கீழே டயரைத் தட்டுகிற சத்தம். மெஷினில் வேகத்துக்கு ஒரு குமிழ் உண்டு. நடுவில் வைத்தால் பாடியது பாடியபடி ஓடும். வலப்பக்கம் திருப்பினால் டேப் வேகமாக ஓடும், குரலும் மேலே போகும். நான் கட்டைவிரலால் கொஞ்சம் திருப்பிப் பிரதி எடுத்தேன். முப்பத்திரண்டு நிமிடம். இன்னும் கொஞ்சம். முப்பத்தொன்று. பிறகு இன்னும் கொஞ்சம். எல்லாப் பாட்டும் அந்தப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. டேப் முடியும்போது அம்மா மேல்படிக்கு வந்து சேர்ந்தாள்.

பாட்டுகள் துள்ளி நடந்தன. உன் குரல் மேலே போய்க் கண்ணாடி மாதிரி மினுங்கியது. எனக்கே பிடித்திருந்தது, கேட்டுக்கொள். இது சும்மா மாதிரிக்கு அனுப்புவதுதானே, பிடித்துப்போனால் பெரிய ஸ்டுடியோவில் கூப்பிட்டுப் புதிதாகப் பதிவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அந்த அறையின் சத்தம் வேறெங்கும் கிடைக்காது என்று அந்தக் கேசட்டையே அப்படியே ரெக்கார்டாகப் போட்டார்கள். அதிலும் எந்தப் பாட்டு ஊரெல்லாம் ஓடியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

ரெக்கார்டை முதலில் கேட்டபோது நீ என்னிடம், "அக்கா, நான் இவ்ளோ வேகமாவா பாடினேன்?" என்று கேட்டாய்.

"பதட்டத்துல பாடினடா," என்றேன்.

தம்பி, இந்த ஒரு வரியை நான் இருபத்திரண்டு வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேடையில் பாட ஒத்திகை பார்த்தீர்கள். ரெக்கார்டோடு கிடார் சேரவில்லை. நம்மிடம் சுதி பார்க்கும் கருவி ஏது? ஒருவர் கிடாரைக் கேட்டு இன்னொருவர் நரம்பை முறுக்கிக்கொண்ட காலம் அது. அன்றைக்கு நரம்பை அதிகமாக இறுக்கிவிட்டோம் போல என்று இடி சொன்னான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நீ போய் அந்தக் கிளிப்பை வாங்கி வந்து இரண்டு கட்டை தள்ளி மாட்டினாய். நான் வாசலில் டீத் தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பீர்கள். ஆனால் சுவரெல்லாம் உன் படம், பத்திரிகையில் எல்லாம் கண்ணாடிக் குரல், நீ தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்தாய். இந்தப் பயணம் முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். நீ பதினொரு வருடம் ஒவ்வொரு மேடையிலும் உன்னுடையது இல்லாத ஒரு உயரத்தைப் பிடித்துத் தொங்கினாய்.

உன் தொண்டை போன அன்றைக்கு நான் முதல் வரிசையில் இருந்தேன். பாட்டு நடுவில் நின்றது. நீ கைக்குட்டையை வாயில் ஒற்றி, அதைப் பார்த்து, அழகாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். நிறத்தை நான் பார்த்துவிட்டேன். பிறகு அறுவை, பிறகு இனி நீ வேண்டாம் என்று கம்பெனியில் இருந்து வந்த அந்த இரண்டு வரிக் கடிதம், பிறகு சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் நீ பாடிய உணவகங்கள். ஒருத்தன் கத்தினானே, இவரை நிறுத்திவிட்டு ரெக்கார்டைப் போடுங்கள் என்று. அன்றைக்கு வந்து கிடாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். ஆறு மாதம் உனக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தேன், சர்க்கரைக்காகக் காகிதத்தில் சண்டை போட்டேன், இதை மட்டும் எழுதவில்லை. பேனாவை எடுப்பேன். நீ தெரிந்துகொண்டால் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று மூடி வைத்துவிடுவேன். வேறு காரணம் எதுவும் இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை நொண்ட விட்டேன்.

டின்னில் இருப்பது அந்த ஐந்து ஞாயிறுகளின் மூல டேப். மெஷினையும் சேர்த்துப் பஞ்சு சுற்றிக் கட்டி அனுப்புகிறேன். உன் அத்தானும் நானும் வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட இதைப் போட்டதில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, அம்மாவின் நினைவு நாளில், நான் மட்டும் கேட்பேன். அதில் அவள் துள்ளவில்லை. களைத்துப் போய், படிக்குப் படி நின்று ஏறுகிறாள். பாடுகிறவனுக்கு அவசரம் இல்லை. அவன் குரல் தாழ்வாக, கொஞ்சம் கரகரத்து, இப்போது நீ வேனில் முணுமுணுக்கிறாயே, அதே குரல்.

போன குரலை மறைக்கிற தந்திரம் என்றா எழுதினாய்? அட மடையா. அதுதானடா உன் குரல். இருபத்திரண்டிலும் அதுதான்.

ஒரு காலை நேரத்தில், தனியாகக் கேள். குமிழ் நடுவில் இருக்கட்டும். நடுவில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, கட்டைவிரலுக்குத் தெரியும். பிறகு கிடாரை எடுத்து, கிளிப்பைக் கழற்றிவிட்டு, கூடவே வாசித்துப் பார். நரம்புக்கு நரம்பு சேரும். என்னை நம்ப வேண்டாம். நம்பும்படி நான் நடந்துகொள்ளவில்லை. உன் காதை நம்பு.

அதற்கப்புறம் வந்து திட்டு. வராமலும் இரு. எழுதாமலும் இரு. 'மாடிப்படி'யை எடுத்து ஏரியில் போடு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அந்தப் பதினொன்றை மட்டும் விட்டுவிடாதே. அவை ஏமாற்று இல்லை. ஏமாற்றியவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

உன் காதில் பூச்சுற்றிய,
அக்கா

*

வீடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரம். தபால்காரன் மாடிக்கு வருகிற நாளெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மின்கட்டண ரசீது வந்தது. பல் டாக்டரின் நினைவூட்டல் வந்தது. இடியின் மனைவியிடம் விசாரிக்கலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். உன் மௌனம் எனக்குச் சேர வேண்டியது, அதை இன்னொருத்தியிடம் கேட்டு வாங்கித் தெரிந்துகொள்வது நியாயம் இல்லை என்று பட்டது.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பாட்டில் ஏதோ ஒன்று வேகமாக ஓடுகிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும், லிஃப்டாக இருந்திருந்தால் அன்றைக்கே நிறுத்திப் பார்த்திருப்பேன் என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன். அவர் டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

நேற்று உன் பொட்டலம் வந்தது. என் மெஷின், மறுபடியும் பஞ்சு சுற்றி. கூடவே ஒரு புதுக் கேசட். கடிதம் இல்லை. பொட்டலத்தை உதறிப் பார்த்தேன், பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு டெலிவரி சீட்டு மட்டும் விழுந்தது. அதில் பன்னிரண்டு பாட்டின் பெயர். கடைசியில் தேடினேன், 'மாடிப்படி' இல்லை. சரி, நியாயம்தான் என்று நினைத்து மேலே பார்த்தால் முதல் வரியிலேயே இருக்கிறது.

முதலில் வைத்திருக்கிறாய். இனி எந்த நீளமும் அதை வெளியே தள்ள முடியாத இடத்தில்.

மேசையைத் துடைத்து மெஷினை வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். இங்கே மூட்டம் போய் வெயில் வந்துவிட்டது, ஆனால் அந்தக் கேசட் ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்குள் உன் ஏரியின் மூட்டம் வந்து நின்றது. தண்ணீர் படகைத் தட்டுகிற சத்தம். நாற்காலி கிரீச்சிட்டது. இடி தொண்டையைச் செருமினான். ஏதோ ஒரு பறவை. அப்புறம் நீ பேசினாய்.

"அக்கா, இந்தத் தடவ அந்தக் குமிழத் தொடாத."

உன் குரலில் கோபம் இருக்கிறதா என்று அந்த ஒரு வரியை நிறையத் தடவை ஓட்டிக் கேட்டேன். இருக்கிறது. இருக்கட்டும். அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை. ஆசைப்பட்டு எதையாவது கேட்டுவிட்டு, அது இல்லை என்று பிறகு தெரிந்தால் தாங்க மாட்டேன்.

பிறகு அம்மா ஏற ஆரம்பித்தாள். மெதுவாக. என் சொற்களுக்கு நடுவில் இவ்வளவு இடம் இருந்தது என்று எழுதியவளுக்கே தெரியாது. மூல டேப்பில் இருந்த பையனுக்குக் களைப்பு என்றால் என்னவென்று தெரியாது, பாவம், அவன் அம்மாவைப் பார்த்துப் பாடினான். இந்த ஆள் சுமந்திருக்கிறான். திருப்பத்துக்கு வந்ததும் நீ நிறுத்தினாய். கிடார் நின்றது, டிரம்ஸ் நின்றது, நீ மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். அதைப் பழைய பாட்டில் நாம் வைக்கவில்லை. நான் என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலு மூச்சு என்றால் சுமாரான நாள், நினைவிருக்கிறதா? ஐந்து என்றால் நாம் அவளிடம் எதுவும் கேட்க மாட்டோம். உன் அத்தான் செய்தித்தாளை இறக்கிவிட்டு, ஏதோ வரப்போகிறது என்பதுபோல் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றப் பதினொன்றையும் கேட்டேன். அவற்றைப் பற்றி நேரில் சொல்கிறேன். ஏழாவதில் ஒரு இடத்தில் சொல் சரியில்லை, சண்டைக்கு வருவேன்.

பதிவு முடிந்துவிட்டது என்று இடியின் மனைவி இன்று காலை தானாகவே வந்து சொல்லிவிட்டுப் போனாள். நீ எந்த வழியாக வருகிறாய், நேரே உன் அறைக்குப் போகிறாயா, அதெல்லாம் நான் கேட்கவில்லை. உன் அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. தூசி தட்டி வைத்திருக்கிறேன். இங்கேயும் உன் படுக்கையை விரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

வந்தால் கிடாரைக் கொண்டு வா. கிளிப்பை அந்த அம்மாவின் இழுப்பறையில் போட்டுவிடு. கீழே வந்ததும் குரல் கொடுக்காதே, கூப்பிடாதே. படியில் கால் வைத்தால் போதும், உன் நடை எனக்குத் தெரியும். அவசரமாக ஏறி வராதே. திருப்பத்தில் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, அம்மா மாதிரி, வேண்டிய மட்டும் மூச்சு வாங்கிக்கொள். எத்தனை என்று நான் எண்ணிக்கொள்கிறேன். எத்தனையாக இருந்தாலும் சரி. ஐந்து என்றால் எதுவும் கேட்க மாட்டேன், சாப்பாட்டை மட்டும் எடுத்து வைப்பேன்.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு உள்ளே நிற்பேன். நீ நன்றாக இரு.

உன்,
அக்கா